சல்லடையில் கிடைத்த ஆதிப் பாலூட்டி

நெல்லைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆதிச்சநல்லூரைப் பற்றிப் பேசினால், "அங்கே டைனோசர் எலும்பு கிடைக்குமா?" என்ற கேள்வி வந்துவிடும். கிடைக்காது. ஆதிச்சநல்லூர் மனிதர் வாழ்ந்த காலத்துத் தடயம். அதற்கும் அடியில், பொதிகை தொடங்கித் தாமிரபரணிப் படுகை நெடுகக் கிடப்பவை பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள். பாலூட்டிகள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை அவை. ஆதிப் பாலூட்டிகளைத் தேடுபவர் வேறு மண்ணுக்குத்தான் போக வேண்டும்.

அப்படிப் போனவர் தொல்லுயிரியலாளர் ஜி.வி.ஆர். பிரசாத். தெலங்கானாவின் நஸ்கல் கிராமத்தருகே, தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த அடுக்குகளுக்கு நடுவே பழைய நீர்நிலையின் படிவு சிக்கிக் கிடக்கிறது. வயது ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டு. அங்கே கிடைத்த பற்களைப் பற்றி, தம் ஆசிரியர் அசோக் சாஹ்னியுடன் சேர்ந்து 1988இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இந்தியாவில் அறியப்பட்ட முதல் கிரெட்டேசியஸ் காலப் பாலூட்டி அது. டெக்கனோலெஸ்டஸ் என்று பெயரிட்டார்கள்.

இந்த வேலைக்குக் கடப்பாரையைவிடச் சல்லடைதான் முக்கியம். மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி வந்து, ஊறவைத்துக் கரைத்து, அரிசி களைவதுபோல் அலசி, காயவைத்து, எஞ்சிய பொடியை நுண்ணோக்கியின் கீழ் தூரிகையால் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கான உழைப்புக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பல். ஆனால் எலும்பு நொறுங்கிப்போன இடத்திலும் எனாமல் நிலைக்கும். கடைவாய்ப் பல்லின் முகடுகள் இனத்துக்கு இனம் மாறும். பின்னர் கிடைத்த டெக்கனோலெஸ்டஸின் கணுக்கால் எலும்புகளை, பிரான்ஸின் மார்க் கோதினோவும் பிரசாத்தும் 1994இல் ஆராய்ந்தார்கள். அந்தச் சிற்றுயிர் மரமேறி வாழ்ந்தது என்பதைக் கணுக்கால் மூட்டின் வடிவமே காட்டிக்கொடுத்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

அக்காலத்தில் இந்தியா கடலில் தனித்து நகர்ந்துகொண்டிருந்த நிலம். டெக்கனோலெஸ்டஸின் உறவினர்களாகக் கருதப்படுபவையோ ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. நடுவே இருந்த கடலை எப்படிக் கடந்தன? விவாதம் முடியவில்லை.

தமிழ்நாட்டில் இதே காலத்து மண் அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் இருக்கிறது. யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் ப்ருஹத்காயோசாரஸ் என்ற பேருருவ டைனோசரை விவரித்தது அங்கிருந்துதான். அந்த யாதகிரியே தெலங்கானாவின் கோட்டா என்ற பாறையடுக்கில் கிடைத்த ஜுராசிக் காலக் குட்டிப் பாலூட்டிகளையும் ஆராய்ந்தவர். 2013இல் அஞ்சலி கோஸ்வாமி, பிரசாத் குழுவினர் கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைச் சிறு பல்லை வைத்து, ட்ரூடான்டிட் வகை டைனோசர் இந்தியாவிலும் இருந்தது என்றார்கள். பேரெலும்புக்குக் கிடைக்கும் கவனம் இந்தச் சிறு பற்களுக்கும் கிடைக்க வேண்டும். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் படிக்கும் நம் ஆற்றங்கரைப் பிள்ளைகள், உரிய அனுமதியோடு கல்லமேட்டு மண்ணை ஒருமுறையாவது அலசிப் பார்க்கட்டும்.