ஈறு நோய்: உமிழ்நீரில் தேடப்படும் அடையாளங்கள்

பல் துலக்கும்போது ரத்தம் வந்தால், "உடம்பு சூடு" என்று சொல்லி உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறந்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரைத் தேடுகிறோம். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கும். அது தானாக மீண்டும் வளராது. ஈறு நோயில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. அதுவே இதன் ஆபத்து.

இன்றைய பரிசோதனை

மில்லிமீட்டர் கோடுகள் உள்ள மெல்லிய கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் விட்டு மருத்துவர் ஆழம் பார்க்கிறார். 3 மி.மீ. வரை இயல்பு. எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டும். ஆனால் இவ்விரண்டும் ஏற்கெனவே நடந்துவிட்ட சேதத்தின் அளவுகள். நோய் இப்போது அரித்துக்கொண்டிருக்கிறதா, அடங்கிவிட்டதா என்பதை இவற்றை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

வாயின் நீரில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கான விடையை ஆய்வாளர்கள் இரண்டு நீர்களில் தேடுகிறார்கள். ஒன்று உமிழ்நீர். மற்றொன்று ஈறு இடுக்கில் மிகச் சிறிதளவே ஊறும் நீர்; இதை மெல்லிய காகிதப் பட்டையால் ஒற்றி எடுப்பார்கள். கிருமிகளை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் எம்எம்பி-8 என்ற நொதியை வெளியிடுகின்றன. ஈறைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் நாரை அறுப்பது இதுவே. அதன் அளவு கூடினால் அழிவு நடந்துகொண்டிருக்கலாம் என்று பொருள். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள். சில நிமிடங்களில் முடிவு தரும் பட்டைச் சோதனைகளும் வந்துவிட்டன.

ஆனாலும் குறைகள் உண்டு. உமிழ்நீர் வாய் முழுவதும் கலந்தது. எந்தப் பல்லில் கோளாறு என்று காட்டாது. ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவெடுக்கவும் இயலாது. எனவே இது மருத்துவரின் பரிசோதனைக்குத் துணையாகுமே தவிர மாற்றாகாது.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க

2018-ல் வெளியான உலகளாவிய ஈறு நோய் வகைப்பாட்டின்படி, ஈறு நோயுடன் எச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களும், நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர்களும் நோய் வேகமாக முற்றக்கூடிய பிரிவில் வருகிறார்கள். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். ரத்தம் வரவில்லை என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

1965-ல் டென்மார்க்கில் ஹரால்டு லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கியதும் சுமார் ஒரு வாரத்தில் தணிந்தது. தொடக்கத்தில் கவனித்தால் மீளலாம் என்பதே இதன் பாடம்.

ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதை நபி (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்தியுள்ளார்கள். அந்த சுன்னத்தைப் பேணுவோம். எனினும் ஏற்கெனவே இறுகிய காரையை மிஸ்வாக்கோ பிரஷ்ஷோ அகற்றாது. அதை மருத்துவர்தான் சுத்தம் செய்ய வேண்டும். உறுவையாறு, வில்லியனூர் பகுதியினருக்குக் கோரிமேட்டில் புதுவை அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் உள்ளது. புதிய சோதனைகள் நம் ஊருக்கு வரட்டும். அதுவரை ஈறில் கசியும் ரத்தத்தையே எச்சரிக்கையாகக் கொள்வோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.