வெள்ளம் வடிந்த பிறகு ஊராட்சிக்கு என்ன வேலை?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகர மறுத்து அங்கேயே நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அதே மாவட்டத்துக் கெடாரில் பெய்ததும் வானிலைத் துறைக் கணக்கில் அதி கனமழைதான். போதாக்குறைக்கு டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணைக் கரையில் அரசூரும் இருவேல்பட்டும் மூழ்கின. இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசும் அளவுக்கு ஜனங்களுக்கு ஆத்திரம்.

கிராமத்தில் இந்த ஆத்திரம் முதலில் போய் நிற்கும் இடம் ஊராட்சித் தலைவர் வீட்டு வாசல். அவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

பணம் அவர் கையில் இல்லை. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், இடிந்த குடிசைக்கு 10,000, செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று அரசு அப்போது அறிவித்தது. இதற்கெல்லாம் கணக்கெடுப்பது வருவாய்த் துறை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும் அந்த வரிசையில் தலைவருக்குக் கையெழுத்து கிடையாது. ஆனால் புறம்போக்கில் குடியிருந்து அட்டை இல்லாமல் விடுபட்டவர் யார், குத்தகைக்கு உழுது அடங்கலில் பெயர் ஏறாதவர் யார் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரிந்த அளவு தாலுகா அலுவலகத்துக்குத் தெரியாது. விடுபட்டவர்களை எழுதிக் கொடுத்து, விடாமல் கேட்பதுதான் ஊராட்சி செய்யக்கூடிய பெரிய உதவி.

ஊராட்சியின் சொந்த வேலை தண்ணீரில் தொடங்குகிறது. வெள்ளம் வடிந்ததும் போர்வெல்லிலும் பைப்லைனிலும் சேறு புகுந்திருக்கும். டேங்க் ஆபரேட்டர் மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடரைப் பக்கெட்டில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். பிறகு கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரோஸ்கோப் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள் தட்டினால் குளோரின் அங்கு வரை வந்திருக்கிறது. நிறம் மாறாவிட்டால் அந்தத் தெருவில் அடுத்த வாரம் வயிற்றுப்போக்குதான். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டு நோட்டில் எழுதுவதும் நடக்கிறது. கடைசித் தெருவில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சேறு அள்ளுவதும், தெருவிளக்கை எரியவிடுவதும், சுடுகாட்டுப் பாதையைச் சரிசெய்வதும் ஊராட்சியின் பொறுப்புதான். ஏரி உடைந்தால் மட்டும் சிக்கல். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். எந்த ஏரி யாருடையது என்று மழைக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கும் ஊரில் மணல் மூட்டை சீக்கிரம் வந்து சேரும்.

செலவுக்கு வீட்டு வரி, தண்ணீர் வரியோடு நிதிக்குழு மானியமும் உண்டு. 2025-26 வரை 15ஆவது நிதிக்குழு தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட முடிந்தது. வெள்ளத்துக்குப் பிறகு தேவையும் அதுதான் என்பதால் அந்தக் கட்டுப்பாடு அவ்வளவு மோசமாக இல்லை. ஆனால் பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்புதலும் வேண்டும். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊரில் பிளீச்சிங் பவுடர்கூடக் கடனில்தான் வரும்.

குடிசை இழந்தவருக்கு 10,000 ரூபாயில் வீடு எழும்பாது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. அதன் பயனாளிப் பட்டியல் கிராம சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டும். உள்ளபடியே ஊருக்கு அதிகாரம் இருக்கும் இடம் இதுதான். கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால், பட்டியல் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு வசதியாகவே அமையும்.

பட்டியல் சிக்கல் நமக்கு மட்டுமில்லை. கேரளத்தில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் ஊர்களே அடித்துச் செல்லப்பட்டன. அங்கும் மறுவாழ்வு வீடுகளுக்கான பட்டியல் வெளியானபோது, பெயர் விட்டுப்போனதாக அந்த ஊர்கள் அடங்கிய மேப்பாடி ஊராட்சி மக்கள் போராட வேண்டியிருந்தது.

ஃபெஞ்சல் வந்தபோது விழுப்புரத்தில் ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இருந்தார்கள். 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் இதுவும் ஒன்று. மற்ற மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். தனி அலுவலர் வீட்டு வாசலில் நள்ளிரவில் போய் நிற்க முடியாது. அதனால் காணை ஒன்றியத்துக் கெடாரானாலும் வேறு ஊரானாலும், அடுத்த கிராம சபையில் மூன்று பெயர்ப் பட்டியல்களைக் கேட்டு வாங்கித் தீர்மானத்தில் ஏற்றுங்கள்: தாழ்வான தெருவில் இருப்பவர்கள், தனியாக வாழும் முதியவர்கள், இன்னும் குடிசையில் இருப்பவர்கள்.