அனுமதி கேட்கும் செயலியே காரணம் சொல்லட்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஆபீஸ்களில் கணினி வேலையின் பெரும்பகுதி, எழுதியதையே திரும்ப எழுதுவதுதான். பையர் பெயர், ஸ்டைல் எண், ஜோடிக் கணக்கு எல்லாம் இன்வாய்ஸில் ஒருமுறை, பேக்கிங் லிஸ்டில் ஒருமுறை, ஷிப்பிங் பில்லில் இன்னொருமுறை ஏறும். மாதம் பிறந்தால் சம்பளப் பட்டியலின் பெயர்கள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குகளுக்குப் போகும். இந்த அலுப்பான வேலையை ஆட்டோமேஷன் செயலிகள் தாமே செய்துவிடும்; தட்டச்சுப் பிழையும் குறையும். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அவை கேட்கும் அனுமதிகளை மொத்தமாகக் கொடுத்துவிடுவது பெரிய தவறு.

மேக் கணினியின் பிரைவசி பக்கத்தைத் திறந்தால் விஷயம் விளங்கும். ‘ஆக்செசபிலிட்டி’யை இயக்கினால் செயலி உங்கள் பெயரில் பொத்தான்களை அழுத்தும், தட்டச்சு செய்யும். ‘ஸ்கிரீன் ரெக்கார்டிங்’ கொடுத்தால் திரையில் இருப்பதைப் படம்பிடிக்கும். ‘இன்புட் மானிட்டரிங்’ கொடுத்தால் மற்ற செயலிகளில் நீங்கள் அழுத்தும் விசைகளையும் கவனிக்கும். ‘ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்’ என்றால் மெயில் வரை திறந்துவிடும். ஒரு செயலி இன்னொன்றை இயக்கத் தனி அனுமதி வேண்டும் என்பது 2018-இல் மொஹாவி பதிப்போடு வந்தது; திரைக்கும் விசைகளுக்கும் 2019-இல் கேட்டலினாவில் பூட்டு போட்டார்கள். விண்டோஸில் இத்தனை கேள்விகள் எழாது. சாதாரண டெஸ்க்டாப் புரோகிராம், அதை ஓட்டுபவரின் கணக்கு எதையெல்லாம் தொட முடியுமோ அதையெல்லாம் தொடும். அங்கே ஆட்டோமேஷனுக்கென்று உரிமை குறைந்த தனிக் கணக்கு வைப்பதே வழி.

அனுமதியை மொத்தமாகக் கொடுக்கக் கூடாது என்பதற்கான நியாயம் நம் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றது. அனுமதி கேட்கும் செயலியிடமும் அதே அளவுகோல்தான் வேண்டும்: எந்த வேலைக்கு, ஏன் என்று அது சொல்லட்டும், சொல்லாதவரை சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.

அனுமதி இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்பார்கள். நிற்கட்டும், எது நின்றதோ அதற்கு மட்டும் ஒன்றைக் கொடுத்தால் போதும். இன்வாய்ஸ் நிரப்ப முழு டிஸ்க் எதற்கு? நம்மிடம் என்ன ரகசியம் இருக்கிறது என்பது இன்னொரு வாதம். தையல் பிரிவில் உழைக்கும் பெண்களின் ஆதாரும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. அவற்றைப் பணயம் வைக்க முதலாளிக்கு உரிமையில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. பெயர்பெற்ற செயலிதானே என்றால், இன்று ஒரு நிறுவனத்திடம் இருக்கும் செயலி நாளை வேறு கைக்கு மாறலாம். கொடுத்த அனுமதி அப்படியே தொடரக்கூடும்.

ஆபீஸ் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த வாரமே மேக்கின் பிரைவசி பக்கத்தைத் திறந்து, காரணம் தெரியாத அனுமதிகளை அணைத்துவிடுங்கள்.