ஒத்து ஊதுபவர்

ஒருவர் சொல்வதற்கெல்லாம் இன்னொருவர் தலையாட்டினால் 'அவன் ஒத்து ஊதுகிறான்' என்கிறோம். கேலியாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒத்தைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? என் வகுப்பு நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஆம் என்றவர் ஒருவரே; அவரும் மேளக்காரர் வீட்டுப் பிள்ளை.

ஒத்து என்பது நாதசுரத்தின் உடன்பிறப்பு. பார்வைக்கு நாதசுரம் போலவே இருக்கும். அதே போன்ற உலவு, அதே போன்ற அணசு, வாயில் வைக்கும் சீவாளியும் உண்டு. விரல் வைத்து வாசிக்கும் ஏழு துளைகள் மட்டும் இதில் இல்லை. அடிப்பகுதியில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி கூட்டுவார்கள். பிறகு அதிலிருந்து எழுவது ஒரே சுரம், ஆதார சட்சம். நாதசுரக்காரர் இராகத்தை விரிக்கலாம், நிறுத்தலாம், வியர்வை துடைத்துக்கொள்ளலாம், வெற்றிலை போடலாம். ஒத்துக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. கச்சேரி தொடங்கியது முதல் முடியும் வரை அந்த ஒற்றைச் சுரம் அறுபடக் கூடாது.

அப்படியானால் அவர் மூச்சு விடுவது எப்போது? விந்தை இங்கேதான் இருக்கிறது. நுரையீரலில் காற்று தீரும் முன்பே கன்னங்களை உப்பவைத்து அங்கே கொஞ்சம் காற்றைச் சேமிக்கிறார். அந்தச் சேமிப்பைக் கன்னத் தசையால் சீவாளிக்குள் தள்ளிக்கொண்டே, அதே நொடியில் மூக்கால் புதுக்காற்றை இழுத்துக்கொள்கிறார். கொல்லன் துருத்தியை ஒருவர் வாய்க்குள் வைத்துக்கொண்டது போல! செயங்கொண்டம் பக்கம் முன்பு ஒத்து ஊதிய முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "மூச்சை அடக்கக் கூடாது தம்பி, பங்கு போடணும்" என்றார். பப்பாளிக் காம்பைத் தண்ணீர்க் குவளையில் விட்டு ஊதச் சொன்னார். குமிழி விடாமல் வர வேண்டும். எங்கள் விடுதியில் இதை முயன்ற வீரர்கள் பலர். குவளைத் தண்ணீர் சட்டைக்கு வந்ததே தவிர, குமிழி தொடரவில்லை.

இதே மூச்சை நம்பி நிற்கும் இன்னொரு கருவி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அதன் பெயர் டிஜெரிடூ. அந்நாட்டின் வடக்கே ஆர்னெம் லாண்டுப் பகுதியில் வாழும் யோல்ங்கு எனும் தொல்குடியினர் அதனை யிடாக்கி என்கின்றனர். நம் மாவட்டச் சாலைகளில் காணும் தைலமர இனத்தைச் சேர்ந்த மரந்தான் அதற்கும் மூலப்பொருள். உளியெடுத்துக் குடைய வேண்டியதில்லை; கறையானே உள்ளே தின்று குழலாக்கி வைத்திருக்கும். தட்டிப் பார்த்து மரத்தைத் தேர்ந்து வெட்டி, ஊதும் வாயில் தேன்மெழுகு பூசிக்கொள்வார்கள். அதிலும் விரல் துளை இல்லை. சீவாளியும் இல்லை, உதடுகளே அதிர்கின்றன. ஆதாரமாக ஒரு சுரந்தான். எனினும் நாக்கையும் தொண்டையையும் அசைத்து அந்த ஒரு சுரத்துக்குள் பறவையின் கூவலையும் விலங்கின் ஓசையையும் கொண்டுவந்து விடுகின்றனர்.

சடங்குகளில் பாட்டுக்குத் துணையாக ஒலித்த இக்கருவி இன்று உலக மேடைகளில் ஏறிவிட்டது. யோல்ங்கு மக்களின் கார்மா விழா 1999 முதல் அவர்களுடைய மண்ணிலேயே நடந்து வருகிறது. பிரான்ஸ் நாட்டில் ஏர்வோ என்ற சிற்றூரில் டிஜெரிடூவுக்கும், நம் முகர்சங்கின் உறவான கருவிகளுக்கும், ஒரே குரலில் இரு சுரம் பாடும் மிடற்றிசைக்கும் எனவே ஒரு விழா நடத்தியிருக்கிறார்கள். இத்தகைய விழாக்களின் படக்காட்சிகளைப் பார்த்தேன். கலைஞர் தனியாக அமர்ந்திருக்கிறார். குழலின் மறுமுனை தரையில் கிடக்கிறது, அதன் அருகே ஒலிவாங்கி. ஆயிரம் கண்கள் அவர் கன்னங்களையே பார்க்கின்றன. மூச்சு மாறும் இடத்தை யாரேனும் கண்டுபிடித்தால் கைதட்டுகிறார்கள். மருத்துவர்களும் விடவில்லை. சுவிட்சர்லாந்தில், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாளிகள் 25 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் டிஜெரிடூ ஊதப் பயிற்சி அளித்தார்கள். ஊதியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சுத்தடையும் குறைந்தன என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2005 இறுதியில் எழுதினார்கள். இந்த ஆய்வுக்கு 2017இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது.

இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. டிஜெரிடூவுக்குக் காற்று நிறைய வேண்டும், அழுத்தம் குறைவு. சீவாளிக் கருவிக்குக் காற்று கொஞ்சம் போதும், அழுத்தமோ கடுமையானது. கன்னமும் கழுத்தும் புடைக்கும். அங்கே கலைஞர் ஒலியை மாற்றி மாற்றிக் காட்டி வியக்கவைக்கிறார். இங்கே மாறாமல் நிறுத்துவதே கலை. சரியாக ஊதினால் ஒத்துக்காரர் இருப்பதே தெரியாது. அவருக்கு வந்த கேடும் இதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் துருத்தி வைத்த சுருதிப்பெட்டி வந்தது, பின்பு மின்சாரச் சுருதிப்பெட்டி. திருமண வீட்டார் கணக்குப் பார்க்கிறபோது ஓர் ஆளுக்கான சம்பளமும் சாப்பாடும் மிச்சம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாதசுரத்துக்கே ஒலிநாடாவும் பென்டிரைவும் போதும் என்று வந்துவிட்ட காலம் இது! ஆனால் பெட்டியால் முடியாதது ஒன்று உண்டு. ஊத ஊதக் குழலுக்குள் காற்று சூடேறுகிறது. சூடேறினால் சுருதி சற்றே உயரும். நாதசுரம் உயரும்போது பக்கத்தில் நிற்கும் ஒத்தும் அதே மூச்சுச் சூட்டில் உயரும்; மீதி வேறுபாட்டை ஒத்துக்காரர் உதட்டால் சரிசெய்துகொள்வார். பெட்டியோ வைத்த இடத்திலேயே நிற்கும். மண்டபத்தில் ஒலிபெருக்கி இருந்தால் பெட்டி கேட்கும், அவ்வளவே. கல்லங்குறிச்சித் தேருக்கு முன்னால் தவில் முழங்கும் கூட்டத்தில் அந்தச் சிறு பெட்டி யார் காதில் விழும்? நாதசுரக்காரர் சுருதியை மனத்தில் வைத்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

இழப்பு இதோடு நிற்கவில்லை. நாதசுரம் கற்க வந்த சிறுவன் பல இடங்களில் முதலில் ஒத்துப் பிடித்தவன். மாதக்கணக்கில் ஒரே சுரத்தில் நின்றதால் சுருதி அவன் எலும்பில் ஏறியது, இராகங்கள் எல்லாம் காதில் இறங்கின, மூச்சும் பழகியது. படிக்கட்டின் முதல் படியை எடுத்துவிட்டு மாடிக்கு வா என்கிறோம்.

பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது; நாதசுரமும் தவிலும் கற்பிக்கிறார்கள். ஒத்துக்கெனத் தனிப் பிரிவு கேட்டால் சேர ஆளிருக்காது என்பது எனக்கும் தெரியும். நாதசுர மாணவர்களே முதலாண்டில் முறைவைத்து ஒத்து ஊதலாமே. நம் கல்லூரி விழாவும் மங்கல இசையோடுதான் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு மேளத்துக்குச் சொல்லும்போது ஒத்தோடு வரச் சொல்லுவோம். அழைப்பிதழில் நாதசுரம், தவில் என்று பெயர் போடுகிற இடத்தில் ஒத்துக்காரர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குமாறு விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.