கல்லீரல் தானம்: நம் இல்லங்களில் பேசவேண்டிய செய்தி

கார்த்திகைத் தீபத்தன்று இலட்சக்கணக்கானோர் திருவண்ணாமலைக்கு வந்து சேருகின்றனர். ஆனால், கல்லீரல் முற்றிலும் கெட்டுவிட்ட நோயாளியோ அவ்வூரை விட்டுப் புறப்படவேண்டியவராகிறார்.

அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி ஆகியவை தோன்றினால் நாட்டு மருந்தை நம்பி நாள் கடத்தாமல் உடனே அங்குச் செல்லுதல் வேண்டும். குடிப்பழக்கத்தை விடுவதும், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்வதும் கல்லீரலைக் காக்கும் வழிகளாம்.

நோய் முற்றியபின் மாற்று அறுவை ஒன்றே வழி என்றால், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ செல்லவேண்டும். ஏழைக்கு இது எட்டுமா எனச் சிலர் வினவக்கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவையும் சேர்க்கப்பட்டுள்ளது. வழிச்செலவுக்கும் துணைக்கு ஆள் அனுப்பவும் நம் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் உதவலாமே!

ஆயினும் பணத்தால் பெற முடியாத ஒன்று உண்டு. அதுவே கல்லீரல். உறுப்பு விற்பனையை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே பிறர் மனமுவந்து ஈந்தாலன்றி நோயாளி பிழைக்க வழியில்லை.

உயிரோடிருக்கும் உறவினர் தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தரலாம். அது மீண்டும் வளரும் தன்மையது. 1998-இல் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று தில்லியில் தன் தந்தையின் கல்லீரற் பகுதியைப் பெற்றுப் பிழைத்தது. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலையும் குடும்பத்தாரின் இசைவுடன் பெறலாம். 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்தனர். தமிழகம் முழுவதும் அதனால் விழித்தது.

திருச்சபை இதனைத் தடுக்கின்றதா? இல்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-இல் உரோமையில் மருத்துவர்களிடம் பேசுகையில், உறுப்பு தானத்தை உண்மையான அன்புச் செயல் எனப் போற்றினார். அது விலைக்குரியதாகிவிடலாகாது என்றும் எச்சரித்தார். தானம் செய்தவரின் உடல் குடும்பத்தாரிடமே ஒப்படைக்கப்படும். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யத் தடையேதுமில்லை.

துயர வேளையில் மருத்துவர் கேட்கும்போது, இறந்தவரின் விருப்பம் என்னவென்று அறியாமல் குடும்பத்தார் திகைக்கின்றனர். ஆதலால், இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும் நம் விருப்பத்தை நம் வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லி வைப்போம்.