அரண்டவன் கண்ணும் காகிதப் புலியும்

ஆசிரியரைப் பார்த்து, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டான் அந்த மாணவன். நேரே தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வெங்காயத்துக்கும் திராட்சை மதுவுக்கும் பெயர்போன வாலா வாலா என்ற ஊரில் உள்ள லிங்கன் உயர்நிலைப் பள்ளி அது. இந்த மாதிரிப் பேச்சுக்கு அங்கே அதுநாள்வரை விசாரணையே கிடையாது, உடனே சஸ்பெண்ட்தான். பையனுக்கும் அது தெரியும். திட்டினால் திருப்பித் திட்டும் தயாரிப்போடுதான் உள்ளே வந்தான்.

தலைமையாசிரியர் ஜிம் ஸ்போர்லெடர் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். நல்லாத்தானே இருக்கிறாய், இது உன் பேச்சு மாதிரியே இல்லையே என்று தணிந்த குரலில் கேட்டார். ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போடச் சொன்னால் இப்போது உன் கோபத்துக்கு எத்தனை போடுவாய் என்றும் கேட்டார். அவன் தயாரித்து வந்த பதில் எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. அப்பா குடிகாரர், சின்ன வயதிலிருந்து எத்தனையோ வாக்குக் கொடுத்து எதையும் காப்பாற்றியதில்லை என்று கொட்டித் தீர்த்தான். பிறகு, யாரும் சொல்லாமலே ஆசிரியரிடம் போய் மன்னிப்புக் கேட்டான்.

தண்டனை உண்டா? உண்டு. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. பள்ளிக்குள்ளேயே அதற்கென ஓர் அறை, அங்கே ஓர் ஆசிரியர். அவரிடம் மனம்விட்டுப் பேசலாம், விட்டுப்போன பாடத்தை எழுதலாம், சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம்.

மற்ற பள்ளிகளில் தேறாது என்று கைகழுவப்பட்ட பிள்ளைகள் வந்து சேரும் இடம் லிங்கன். ஸ்போர்லெடரும் ஒரு காலத்தில் கண்டிப்பை நம்பியவர்தான். 2010 வசந்த காலத்தில் ஸ்போகேன் நகரில் மூளை ஆய்வாளர் ஜான் மெடினாவின் பேச்சைக் கேட்டார். ஓயாத, கடுமையான மன அழுத்தம் பிள்ளையின் மூளைக்கு நஞ்சு போன்றது என்றார் மெடினா. அப்படியானால் இத்தனை நாளும் நாம் தண்டித்தது எதை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார் ஸ்போர்லெடர்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1980களில் சான் டியாகோவில் உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டிக்கு ஒரு புதிர்: நன்றாக எடை குறைந்துகொண்டிருப்பவர்களே பாதியில் நின்றுவிடுகிறார்கள். விசாரித்தபோது, பலருடைய குழந்தைப் பருவத்திலும் பாலியல் கொடுமை இருந்தது. பிறகு அவரும் ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அடி, புறக்கணிப்பு, வீட்டில் குடி, சிறை சென்ற உறவினர் என்று இளமைத் துயரங்களைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு ஒன்றாவது இருந்தது. எட்டில் ஒருவருக்கு நான்கோ அதற்கு மேலோ. இவர்கள் சேரிவாசிகள் அல்லர். மருத்துவக் காப்பீடு உள்ள, பெரும்பாலும் கல்லூரி வாசல் மிதித்த நடுத்தர வர்க்கத்தினர்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வதை மூளை விஞ்ஞானம் வேறு சொற்களில் சொல்கிறது. ஆபத்தை முகர்ந்து எச்சரிப்பது அமிக்டலா. நிதானித்து யோசிப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. தினமும் அடிதடி நடக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு முன்னது எப்போதும் உஷாராகவே இருக்கும். டஸ்டர் கீழே விழும் சத்தம், பின்னாலிருந்து தோளைத் தொடும் கை, ஆசிரியரின் உயர்ந்த குரல் எல்லாமே அதற்குப் புலிதான். லிங்கன் பள்ளியைப் பற்றி ஜேம்ஸ் ரெட்ஃபோர்ட் 2015இல் எடுத்த ஆவணப்படத்துக்கு ‘காகிதப் புலிகள்’ என்று பெயர் வைத்ததும் இதனால்தான். புலி காகிதம் என்பது ஆசிரியருக்குத் தெரியும். பையனின் உடம்புக்குத் தெரியாது. அந்த நேரத்தில் “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேட்பது செவிடன் காதில் ஊதிய சங்கு. முதலில் தணிய வேண்டியவர் வகுப்பில் இருக்கும் பெரியவர்.

நம் பள்ளிகளில் இந்த இடத்தில் வரும் வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடம்: “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா, அப்புறம் உள்ளே வா.” அப்பாவே பிரச்சினையாக இருக்கும் பையன் என்ன செய்வான்? மறுநாள் பள்ளிக்கே வரமாட்டான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பிரம்பைக் கீழே போடச் சொன்ன சட்டம், காலியான கையால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை என்பது ஆசிரியர்களின் குறை. நியாயமான குறைதான்.

செய்யக்கூடியவை பெரும்பாலும் சிறியவை. கண்டிப்பதை நாற்பது பேர் முன்னால் வைத்துக்கொள்ளாமல் வராந்தாவில் வைத்துக்கொள்வது. நாளை பரீட்சை, இன்று வேறு டீச்சர் வருவார் என்று மாற்றங்களை முன்கூட்டியே சொல்லிவிடுவது. விடுமுறைக்கு முந்தைய நாள் சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், வீட்டில் காத்திருக்கும் விடுமுறை எப்படிப்பட்டது என்று யோசிப்பது. எல்லாவற்றுக்கும் மேல், சொன்ன சொல் தவறாமை. திங்கட்கிழமை நோட்டைத் திருத்தித் தருகிறேன் என்றால் திங்கட்கிழமை தர வேண்டும். வாக்குத் தவறும் அப்பாவோடு வாழும் பிள்ளை, பெரியவர்களை இந்தத் தராசில்தான் நிறுக்கும்.

லிங்கனில் பலன் எண்களில் தெரிந்தது. 2009-10இல் சஸ்பெண்ட் ஆகி மாணவர்கள் இழந்த நாள்கள் 798. அடுத்த ஆண்டு 135. பள்ளியை விட்டே நீக்கப்பட்டவர்கள் 50 பேரிலிருந்து 30 ஆனார்கள். அந்த 30ஐயும் பார்க்க வேண்டும். அன்பாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அங்கே யாருக்கும் நினைப்பு இருந்திருக்க முடியாது.

இது ஒரு பள்ளியின் கணக்கு. இத்தகைய முறைகள் குறித்த ஆய்வுகளை 2019இல் கேம்ப்பெல் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்புக்காகத் திரட்டியவர்கள், தாங்கள் வகுத்த கறாரான தகுதிக்கு உட்பட்ட ஒன்றைக்கூடக் காணவில்லை. இளமைத் துயரங்களை எண்ணிக் கூட்டிப் போடும் மதிப்பெண்ணை வைத்துத் தனி ஆளை எடைபோடக் கூடாது என்று 2020இல் எழுதியவர்களில் ராபர்ட் ஆண்டாவே ஒருவர். பையனுக்கு வீட்டில் என்ன நடந்தது என்று துருவுவது ஆசிரியர் வேலையும் அல்ல. அவனாகச் சொன்னால் கேட்கலாம். மனநல ஆலோசகரிடம் சேர்க்கலாம்.

அமெரிக்க ஆசிரியர்களிடையே புழங்கும் எளிய பழக்கம் ஒன்று உண்டு. வகுப்பில் மிகவும் படுத்துகிற ஒரே ஒரு பிள்ளையோடு தினம் இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்து நாள், படிப்பைத் தவிர வேறு எதையாவது பேசுவது. கிரிக்கெட், பஸ் நெரிசல், அவன் வளர்க்கும் நாய், எதுவானாலும் சரி. முதல் நாள் முறைப்பான். இரண்டாம் நாள் “உங்களுக்கெதுக்கு சார்?” என்பான். மூன்றாம் நாள் நாயின் பெயரைச் சொல்லிவிட்டு, நான்காம் நாள் பெஞ்சை உதைப்பான். பெரியவர்கள் எத்தனை நாளில் கைவிடுவார்கள் என்பது அவனுக்குப் பழக்கப்பட்ட கணக்கு. பெஞ்சை உதைத்ததற்கு உரிய தண்டனையை அன்றே கொடுத்துவிடலாம். ஐந்தாம் நாள் இரண்டு நிமிடத்தை மட்டும் அதில் கழிக்கக் கூடாது.