சிறாரும் மண்ணும் நகராட்சியும்

சிறுவர் விளையாட்டுக்கு மண்ணைப் போல் உற்ற துணை வேறில்லை. மயிலாப்பூர் மாடவீதியிலாயினும், தியாகராயநகரின் சந்துகளிலாயினும், அடையாற்றின் கரையிலாயினும், ஒரு பிடி மணல் கிடைத்துவிட்டால் குழந்தை தன் பசியையும் மறந்துவிடும். அம்மண் தூய்மையானதா என்று அது ஆராய்வதில்லை; ஆராய்தல் அதன் கடமையுமன்று. அக்கடமை யாருடையது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் நகரின் தென்பாகத்திலும் மத்திய பாகத்திலும் சேரும் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடிக்கே சென்று குவிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பாகம் இவ்வாறு ஏறக்குறைய 225 ஏக்கர் பரப்புள்ள குப்பைமேடாயிற்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அம்மேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்ததை நம்மில் பலர் மறந்திரார். அண்மை ஆண்டுகளில் மாநகராட்சியார் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து, நிலத்தை மீட்கும் பணியை மேற்கொண்டனர். பயோமைனிங் எனப்படும் இம்முறை பாராட்டத்தக்கதே. ஆயினும், குப்பை அகன்றவுடன் அபாயமும் அகன்றது என்று கொள்வது பிழையாகும்.

ஏனெனில் பழைய பாட்டரிகள், வர்ணங்கள், மின்கருவிகள் ஆகியவற்றினின்று கசியும் ஈயம் முதலிய உலோகங்கள் மட்கி அழிவன அல்ல. அவை மண்ணோடு மண்ணாய்த் தங்கும். அவற்றுக்கு நாற்றமுமில்லை, நிறமுமில்லை. குழந்தை மண் அளைந்த கையை வாயில் வைக்கிறது. உட்சென்ற ஈயத்தை வளர்ந்தோர் உடல் ஏற்பதினும் நான்கு ஐந்து மடங்கு மிகுதியாகக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும். அது எலும்பிலே தங்கி, வளரும் மூளையைக் கெடுக்கும். இவ்வளவு வரையில் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது மருத்துவ அறிஞர் துணிபு.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். 1992-ஆம் ஆண்டு நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், பொதுச் சுகாதாரத்தையும் திடக்கழிவு மேலாண்மையையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் சேர்த்தது. அதற்கு முன்னரே, 1980-இல், மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி தன்னிடம் பணமில்லை என்று வாதித்தபோது, பணமின்மை சுகாதாரக் கடமையினின்று தப்புவதற்குரிய காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-ஆம் ஆண்டில் மத்திய அரசார் மாசுற்ற நிலங்களைப் பற்றித் தனி விதிகள் வெளியிட்டனர். அவற்றின்படி, தம் எல்லைக்குள் மாசுற்றதென ஐயுறத்தக்க இடங்களைப் பட்டியலிட்டு, ஆறு மாதத்திற்கொருமுறை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அனுப்புதல் உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ செய்யவேண்டிய வேலை. பொதுமக்கள் முறையிட்டாலும் அவ்விடம் பட்டியலில் சேரலாம். குப்பைமேடுகள் பொதுவாக இவ்விதிகளுக்குப் புறம்பானவை. அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பைத் திடக்கழிவு விதிகள் உள்ளாட்சியின்மீதே சுமத்துகின்றன.

கடமையைச் செய்தால் மட்டும் போதுமோ? செவ்வனே செய்தல் வேண்டும். இதற்கு இங்கிலாந்து தேசத்துக் கார்பி நகரின் வரலாறே சான்று. அங்கிருந்த பெரிய எஃகு ஆலை 1980-இல் மூடப்பட்டது. நகராட்சியார் அந்நிலத்தைத் திருத்த முற்பட்டு, நச்சுக் கழிவை லாரிகளில் ஊரினூடே கொண்டு சென்றனர். வழியெங்கும் சேறு சிந்திற்று. உலர்ந்த சேறு தூசியாய்ப் பறந்தது. அக்காலத்தில் அவ்வூரில் பிறந்த சில குழந்தைகளின் கைகால்கள் ஊனமுற்றிருந்தன. அக்குடும்பத்தார் தொடுத்த வழக்கில், நகராட்சி அசட்டையாய் நடந்தது என்றும், அத்தூசி இத்தகைய ஊனத்தை விளைவித்திருக்கக் கூடும் என்றும் 2009-இல் உயர் நீதிமன்றம் கண்டது. மறு ஆண்டில் நகராட்சி ஈடு தந்து சமாதானம் செய்துகொண்டது. நிலத்தைத் தூய்மை செய்யப் புகுந்தவரே தீங்கிழைத்தவராயினர். அவர்தம் நோக்கம் நன்றாயினும், முறை நன்றன்று.

ஆதலின் நம் நகரில் வேண்டுவன மூன்று. முதலாவது, குப்பையும் சலித்த மண்ணும் மூடிய வண்டிகளிலேயே செல்லவேண்டும்; தூசி எழாதவாறு நீர் தெளித்தல் வேண்டும். இரண்டாவது, சலித்த மண்ணைப் பள்ளமான இடங்களை நிரப்பப் பயன்படுத்துவது வழக்கமாதலின், பரீட்சித்த பின்னரே அதனை எடுத்துச் செல்ல விடவேண்டும். மூன்றாவது, மீட்ட நிலத்தில் பூங்காவோ விளையாட்டிடமோ அமைக்குமுன், மண்ணின் பரீட்சை முடிவை அவ்விடத்திலேயே தமிழில் எழுதி யாவரும் காண வைக்கவேண்டும்.

இது செயற்கரியதன்று. அடையாற்றின் கழிமுகத்தருகே குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கெட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம், 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாய்த் திறக்கப்பட்டு, இயற்கையைப் பற்றிப் பள்ளிச் சிறார் கற்கும் இடமாயிற்று. கெட்ட நிலமும் திருந்தும் என்பதற்கு இஃதொன்றே போதும்.

மாணவ நண்பர்களே! உங்கள் தெருவில் புதிதாய் விளையாட்டிடம் ஒன்று அமையும்போது, ஊஞ்சல் எத்தனை என்று கேட்பதற்கு முன், மண்ணைப் பரீட்சித்தீர்களா என்று உங்கள் வட்டத்து மாநகராட்சி உறுப்பினரைக் கேளுங்கள். வாக்குரிமை இல்லாத சிறாருக்காக வாக்குரிமையுள்ள நாமன்றோ வாய் திறக்கவேண்டும்?